கூட்டத்தின் நடுவே, கேமராவை மறைக்காமல்

தெருவில் புகைப்படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, யார் கண்ணிலும் படாமல் எப்படி எடுப்பது என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேமராவைக் கண்டதும் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள். முதுகு நிமிர்கிறது, உதடு இறுகுகிறது, கை தலைமுடியைச் சரிசெய்யப் போகிறது. நாம் எடுக்க நினைத்த காட்சி, நாம் எடுக்க நினைத்த காரணத்தாலேயே கலைந்துபோகிறது. ஆகவே மறைந்துகொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வருவது இயல்பு. ஆனால் பரபரப்பான நகர மையங்களில் ஆண்டுக்கணக்கில் கேமராவோடு நின்ற பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் எண்ணம் இதற்கு நேர் எதிரானது. மறைந்து எடுப்பவரைத்தான் தெரு கவனிக்கிறது. எல்லாருக்கும் தெரியும்படி நின்று எடுப்பவரை அது விரைவில் மறந்துவிடுகிறது. எந்த லென்ஸைப் பொருத்துவது என்பதிலிருந்து எந்தப் படத்தை வெளியிடுவது என்பது வரை, இந்தக் கலையில் நான் எடுக்கும் முடிவுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

கேண்டிட் படம் என்று நான் இங்கே சொல்வது, எடுக்கப்படுபவரிடம் முன்கூட்டிக் கேட்காமல், எதையும் ஏற்பாடு செய்யாமல், நடப்பதை நடந்தபடியே பதிவு செய்யும் படத்தை. ஒளிந்திருந்து எடுக்க வேண்டும் என்பது அதன் இலக்கணத்தில் எங்கும் இல்லை. இருந்தாலும், ஒளிந்து எடுக்கும் பழக்கத்துக்கு இந்தக் கலையில் நீண்ட வரலாறு உண்டு.

மனிதர் இடம்பெற்ற முதல் புகைப்படமாக அறியப்படுவதே ஒரு தெருக்காட்சிதான். 1838-ல், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகேர், பாரிஸ் நகரின் புலவார் து தாம்ப்ள் சாலையை உயரமான ஒரு சன்னலிலிருந்து எடுத்தார். ஒளி தகட்டில் படிய நிமிடக்கணக்கில் ஆனதால், நடந்து சென்றவர்களும் ஓடிய வண்டிகளும் பதியவே இல்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற ஒருவரும் அவருக்கு மெருகு போட்டவரும் மட்டும் பதிந்தார்கள். தெரு முழுவதும் ஓடிக்கொண்டிருக்க, ஓரிடத்தில் நிலைத்தவர்கள் மட்டுமே படமானார்கள். அந்தக் காலத்தில் தெரியாமல் எடுப்பது என்ற பேச்சுக்கே இடம் இல்லை. 1888-ல் கோடாக் கைக்கேமரா விற்பனைக்கு வந்த பிறகுதான் வழிப்போக்கரைச் சட்டென எடுத்துவிட முடியும் என்ற நிலை பரவலானது. இரண்டே ஆண்டுகளில், 1890-ல், சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் தனிமனித அந்தரங்க உரிமை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார்கள். நொடியில் எடுக்கப்படும் புகைப்படங்கள் தனிவாழ்வுக்குள் நுழைவது அதில் அவர்கள் முன்வைத்த குறைகளில் ஒன்று. இன்று தெருவில் ஒருவர் நம்மை முறைத்துப் பார்க்கும்போது அவர் கண்ணில் தெரியும் கேள்வி, கைக்கேமராவின் வயதே ஆன கேள்வி.

அதே காலத்தில் கேமராவை மறைக்கும் உத்திகளும் வளர்ந்தன. 1916-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் புகைப்படக்காரர் பால் ஸ்ட்ராண்ட், தம் கேமராவின் பக்கவாட்டில் ஒரு போலி லென்ஸைப் பொருத்தி, எதிரே இருப்பவரைப் படமெடுத்தபடியே வேறு திசையை எடுப்பதுபோல் தோற்றம் தந்தார். இன்னோர் அமெரிக்கப் புகைப்படக்காரரான வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், மேலங்கிக்குள் கேமராவை வைத்து, பொத்தான்களுக்கு இடையே லென்ஸ் மட்டும் எட்டிப்பார்க்கும்படி எதிர் இருக்கையில் அமர்ந்தவர்களை எடுத்தார். அவற்றில் அரிய முகங்கள் இருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ரயில் படங்கள் நூலாக வெளிவந்தது 1966-ல்தான். எடுத்ததற்கும் வெளியிட்டதற்கும் நடுவே ஒரு தலைமுறைக்காலம் கடந்திருந்தது. மறைந்து எடுத்த படத்துக்கு அந்த இடைவெளி தேவைப்படும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எடுத்த சில நிமிடங்களில் உலகம் முழுவதற்கும் காட்டிவிடக்கூடிய நம் காலத்தில் அத்தகைய இடைவெளிக்கு வழியில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட். அகன்ற காட்சியைக் காட்டும் 28 மி.மீ. லென்ஸ் பொருத்திய சிறிய லைக்கா கேமராவோடு நியூயார்க் நடைபாதைகளில் கூட்டத்துக்குள்ளேயே நடந்து, கைக்கெட்டும் தொலைவில், எல்லார் கண்ணெதிரிலும், சிரித்தபடியும் தலையசைத்தபடியும் எடுத்தவர் அவர். அவருடைய படங்களில் இருக்கும் நெருக்கமும் தள்ளுமுள்ளும் அந்த நடையிலிருந்து வந்தவை.

நகர மையத்தில் நடப்பவர்களின் கவனம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், வெளிப்படையாக நிற்பது ஏன் பலிக்கிறது என்பது புரியும். சிக்னல் விளக்கு, எதிரே வருபவரோடு மோதாமல் விலகுவது, கைப்பேசி, தாமதமாகிவிட்ட ஒரு வேலை, உடன் வருபவரின் பேச்சு ஆகியவற்றுக்கே அவர்களுடைய கண்ணும் மனமும் போதாமல் இருக்கின்றன. அந்த அவசரத்தில், ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் மனிதர் ஒரு விளக்குக் கம்பத்துக்குச் சமம். கண்ணை இழுப்பது இயல்பு தவறிய அசைவுதான். கேமராவைச் சட்டெனத் தூக்கி, கிளிக் செய்து, அதே வேகத்தில் இடுப்புக்குக் கீழே இறக்கி, வேறெங்கோ பார்ப்பதாகப் பாவனை செய்பவரின் உடம்பு, தவறு செய்தவரின் உடம்பைப்போல் அசைகிறது. வாகன இரைச்சலில் ஷட்டர் ஒலி கேட்காமல் போகலாம். அந்தப் பதற்றம் பத்தடிக்கு அப்பாலும் தெரியும்.

ஆகவே நான் செய்வது எளிய காரியம். மக்கள் ஓட்டம் குறுகும் இடத்தையோ திரும்பும் இடத்தையோ தேர்ந்துகொள்கிறேன்: சாலையைக் கடக்கும் கோடுகளின் முனை, சுரங்கப்பாதைப் படிக்கட்டின் மேல்விளிம்பு, இரண்டு தெருக்கள் சந்திக்கும் மூலை. அங்கே யாருக்கும் வழியை அடைக்காமல், கேமராவை மார்புக்கு நேராக வெளிப்படையாகப் பிடித்து நிற்கிறேன். படமெடுக்க ஒன்றும் இல்லாதபோதும் அவ்வப்போது கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகிறேன். நான் வந்த நேரத்தில் அங்கே இருந்தவர்களுக்குத்தான் நான் புதியவன். அவர்கள் சிறிது நேரத்தில் போய்விடுவார்கள். பின்னர் வருபவர்களுக்கு, கேமராவோடு நிற்கும் ஒருவர் அந்த மூலையின் ஒரு பகுதி. கால் மணி நேரம் பொறுத்தால் இந்த மாற்றம் நடந்துவிடுகிறது. பொறுக்காமல் தெருத்தெருவாக ஓடுகிறவர் ஒவ்வோர் இடத்திலும் புதியவராகவே இருக்கிறார்.

இடுப்பருகே கேமராவை வைத்து, பார்க்காமலே கிளிக் செய்யும் பழக்கத்தை நான் ஊக்குவிப்பதில்லை. ஃபிரேமின் நான்கு விளிம்புகளையும் பார்க்காமல் எடுத்த படத்தில் நம்முடைய முடிவு என்று எதுவும் இருப்பதில்லை. தற்செயலாக ஒன்று நன்றாக அமைந்தாலும் அதிலிருந்து அடுத்த படத்துக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இடுப்பளவில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமராக்கள் வேறு வகை. சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியிலிருந்த விவியன் மேயர், அத்தகைய ரோலிஃப்ளெக்ஸில் எடுத்துக் குவித்த நெகட்டிவ்கள் 2007-ல் ஓர் ஏலத்தின் வழியாக வெளியுலகுக்கு வந்தன. அவர் பார்த்துத்தான் எடுத்தார். மார்புக்குக் கீழிருந்து நோக்கும் அந்தக் கோணம் எதிரே நிற்பவரை உயர்த்திக் காட்டி, முகத்துக்குப் பின்னால் வானத்தையும் கட்டட உச்சிகளையும் வைத்தது. இன்று மடக்கித் திருப்பக்கூடிய திரையுள்ள கேமராக்களில் அதே கோணம் கிடைக்கிறது.

லென்ஸ் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் டெலி லென்ஸ் தெருவுக்கு ஏற்றதல்ல. நாணயமான நடத்தை குறித்த கேள்வியை ஒதுக்கிவைத்து, படத்தின் தரத்தை மட்டும் பார்த்தாலும் அது ஏற்றதல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 36 × 24 மி.மீ. சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து, நிற்கும் ஒருவர் ஃபிரேம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும்படி எடுக்க வேண்டும் என்று கொள்வோம். 35 மி.மீ. லென்ஸ் என்றால் நாம் அவரிடமிருந்து 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் நிற்போம், 200 மி.மீ. என்றால் ஏறத்தாழ 21 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இரண்டிலும் அந்த மனிதர் ஒரே அளவில்தான் இருப்பார். ஆனால் அவருக்கு 10 மீட்டர் பின்னால் இருக்கும் சுவரில், 35 மி.மீ. லென்ஸ் சுமார் 14 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் கொண்டுவரும், 200 மி.மீ. லென்ஸோ 6 மீட்டரைக்கூடக் காட்டாது, காட்டுவதையும் மங்கலாக்கிவிடும். அந்த மனிதர் எந்த நகரத்தில், எந்தக் கூட்டத்தின் நடுவே, எதைக் கடந்து போகிறார் என்பதெல்லாம் போய், முகம் மட்டும் எஞ்சுகிறது. மேலும், நெரிசலான தெருவில் 21 மீட்டர் இடைவெளி யாருக்கும் காலியாகக் கிடைக்காது. எடுக்கும் நொடியில் யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் நம்மைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே போன பிறகு மறைய வழியில்லை. வெளிப்படையாக நிற்பது தவிர வேறு தேர்வும் இல்லை.

அவ்வளவு அருகில் நிற்கும்போது கேமராவோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது. தானியங்கி ஃபோகஸ் இன்று வெகுவாக முன்னேறியிருக்கிறது. முகத்தைத் தேடிப் பிடிக்கிறது. ஆனால் இருபது முகங்கள் ஒரே நேரத்தில் நகரும் இடத்தில் அது பிடிப்பது நாம் விரும்பிய முகமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அதனால், ஃபோகஸை ஒரு தொலைவில் முன்கூட்டியே நிறுத்திவைக்கும் பழைய முறையான ஸோன் ஃபோகஸையே நான் பெரும்பாலும் நம்புகிறேன். 35 மி.மீ. லென்ஸில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, எஃப் 8-ல் வைத்து, ஃபோகஸை 2.5 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை உள்ள எல்லாம் போதிய தெளிவோடு வரும். துளை இன்னும் சிறிதாகும் எஃப் 11-க்குப் போனால் அந்த எல்லை 1.5 மீட்டரிலிருந்து 7.5 மீட்டர் வரை விரிகிறது. 28 மி.மீ. லென்ஸ் இன்னும் தாராளமானது. எஃப் 8-லேயே 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை கொடுத்துவிடும். இந்த எண்களைக் காகிதத்தில் வைத்திருப்பதால் பயன் குறைவு. 2.5 மீட்டர் என்பது நம் கண்ணுக்கு எவ்வளவு என்று உடம்பு அறிந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து அளந்து நின்று பார்ப்பது, நடைபாதைக் கற்களை எண்ணிப் பார்ப்பது, எதிரே வருபவர் எந்த அளவில் தெரியும்போது அந்தத் தொலைவுக்குள் நுழைகிறார் என்று கவனிப்பது ஆகியவை கேமரா இல்லாமலே செய்யக்கூடிய பயிற்சிகள். அது கைவந்துவிட்டால், கண் எதிரே நடப்பதைப் பார்க்க விடுதலை பெறுகிறது.

ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் ஷட்டர் வேகத்திலும் கணக்கு உதவுகிறது. இயல்பாக நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் அளவில் நகர்கிறார். 1/125 நொடியில் அவர் 11 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுவார், 2.5 மீட்டரிலிருந்து 35 மி.மீ. லென்ஸில், அவர் ஃபிரேமுக்குக் குறுக்கே நடந்தால், இது படத்தில் கண்ணுக்குத் தெரியும் மங்கலாக மாறும். 1/500 நொடியில் அந்த நகர்வு 3 மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது. காற்றில் வீசி வரும் பாதம் உடம்பைவிட வேகமானது என்பதால், காலடியைக் கூர்மையாக நிறுத்த விரும்பினால் 1/1000-க்குப் போக வேண்டும். நான் 1/500-ஐக் குறைந்தபட்ச எல்லையாக வைத்து, ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.-வைக் கேமராவின் பொறுப்பில் விட்டுவிடுகிறேன். ஐ.எஸ்.ஓ. உயரும்போது வரும் தூசுபோன்ற சொரசொரப்பு ஒரு படத்தைக் கெடுத்து நான் பார்த்ததில்லை. அசைந்துபோன முகம் பல படங்களைக் கெடுத்திருக்கிறது. சத்தமில்லாத மின்னணு ஷட்டர் பலருக்குப் பிடிக்கும். ஆனால் எல்.இ.டி. விளம்பரப் பலகைகளும் விளக்குகளும் நிறைந்த நகர மையத்தில் அது படத்தின் குறுக்கே பட்டைகளைக் கொண்டுவரும். வேகமாகச் செல்லும் பேருந்தைச் சாய்த்துக் காட்டும். ஒலியை மறைப்பதற்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இவற்றைவிட எனக்குப் பிரியமான விஷயம் ஒளி. நகர மையத்தின் ஒளி வேறெங்கும் கிடைக்காதது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சூரியன் தெருமீது முழுதாக விழுவதில்லை. பட்டைகளாகவும் சதுரங்களாகவும் விழுகிறது. ஒரு மூலையில் மட்டும் பளிச்சென்ற வெயில், அதைச் சுற்றி ஆழ்ந்த நிழல். நேரடி வெயிலுக்கும் திறந்த நிழலுக்கும் இடையே ஒளி ஏறத்தாழ எட்டு மடங்கு வேறுபடும். எஃப் 8, 1/500 என்று வைத்திருந்தால், நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 125 போதும், இரண்டடி தள்ளி நிழலுக்குள் போனால் 1000 தேவைப்படும். இந்த இடைவெளியில்தான் தெருப் புகைப்படக்காரரின் உண்மையான தேர்வு இருக்கிறது. வெயிலுக்கு ஏற்ப எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, நிறுத்தி வைத்துவிட்டால், நிழல் ஏறக்குறைய கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பிலிருந்து ஒரு முகமோ கையோ வெயிலுக்குள் நுழையும் நொடிக்காகக் காத்திருக்கலாம். நெரிசலான தெருவின் தேவையற்ற விவரங்கள் எல்லாவற்றையும் அந்த நிழல் விழுங்கிக்கொள்கிறது. நிழலுக்கு ஏற்ப வைத்தால், மென்மையான, ஒரே சீரான ஒளியில் பலரை ஒன்றாகக் காட்டலாம். பின்னணியில் இருக்கும் வெயில் வெளுத்துப்போகும். இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற நினைத்து நடுவே ஓர் அளவை வைப்பவர், பெரும்பாலும் இரண்டையும் இழக்கிறார். மேகமூட்டமான நாளில் இந்தச் சிக்கல் இல்லை, நாடகத்தன்மையும் இல்லை. அன்று நிறங்களையும் முகபாவங்களையும் மட்டுமே நம்ப வேண்டும்.

கண்ணாடி முகப்புள்ள கட்டடங்கள் இன்னொரு கொடை. எதிர்ப்பக்கக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில், நிழலாக இருக்க வேண்டிய நடைபாதைக்குள் இரண்டாவது சூரியனாக நுழைகிறது. சூரியன் நகரும்போது அந்தப் பிரதிபலிப்பும் நடைபாதையில் மெல்ல ஊர்ந்து, சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. மறுநாள் ஏறத்தாழ அதே நேரத்தில் அங்கேயே திரும்ப வருகிறது, மாதங்கள் போனால் இடம் மாறிவிடுகிறது. எந்த மூலையில், எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் ஒளி வருகிறது என்ற அறிவைத் திரும்பத் திரும்ப அதே இடங்களுக்குப் போவதால் மட்டுமே சேர்க்க முடியும். புதிய நகரங்களைத் தேடிப் போவதைவிட, ஒரே சந்திப்பை ஓர் ஆண்டு முழுவதும் பார்ப்பதிலிருந்து கற்றுக்கொள்வது அதிகம் என்று நான் நம்புகிறேன்.

ஒளியும் இடமும் அமைந்த பிறகு, பின்னணியை முதலில் ஃபிரேமுக்குள் வைத்துக்கொண்டு மனிதர்களுக்காகக் காத்திருப்பது ஒரு முறை. சுவாரசியமான ஒருவரைக் கண்டு அவரோடு சேர்ந்து நகர்வது இன்னொரு முறை. முதலாவது தூய்மையான படங்களைத் தரும், ஆனால் அளவுக்கு மீறினால் எல்லாப் படங்களும் ஒரே வார்ப்பில் வந்துவிடும்: ஒளிச்சதுரத்தைக் கடக்கும் கறுப்பு உருவம், மீண்டும் அதே, மீண்டும் அதே. இரண்டாவதில் குழப்பம் அதிகம், தோல்வியும் அதிகம்; ஆனால் மனிதர்களுக்கு இடையே நடப்பது அங்கேதான் கிடைக்கிறது. ஒருவர் தோளில் இன்னொருவரின் கை, விடைபெறும் இருவரில் ஒருவர் மட்டும் திரும்பிப் பார்ப்பது, ஒரே வண்ணத்தில் உடுத்திய அந்நியர்கள் ஒருவரையொருவர் கவனிக்காமல் கடப்பது. இத்தகைய கணங்களில் நான் முகத்தைவிடக் கைகளை அதிகம் பார்க்கிறேன். முகம் பொது இடத்தில் காவலோடு இருக்கிறது. கைகள் தம்மை மறந்து இயங்குகின்றன.

கூட்டத்தில் பெரிய எதிரி, உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது. இரண்டு தலைகளுக்கு நடுவே விரலளவு இடைவெளி இருந்தால் இருவரும் தனித்தனி மனிதர்கள். அந்த இடைவெளி மூடிக்கொண்டால் வடிவமற்ற ஒரு திரள். அரை அடி பக்கவாட்டில் நகர்வதோ முழங்காலைச் சற்று மடிப்பதோ அந்த இடைவெளியைத் திறந்துவிடும். நடையிலும் ஒரு தாளம் இருக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ இரண்டு காலடிகள். ஒவ்வொரு காலடியிலும் கால்கள் முழுதாக விரியும் கணம் ஒன்று, ஒன்றையொன்று கடக்கும் கணம் ஒன்று. விரிந்த கணத்தில் உருவம் நடக்கிறது; கடக்கும் கணத்தில் ஒற்றைக் காலில் நிற்பதுபோல் தெரிகிறது. 1932-ல் பாரிஸின் சேன் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தேக்கத்தைத் தாண்டும் மனிதரைப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெஸோன் எடுத்த படம் எல்லாருக்கும் தெரியும். குதிகால் நீரைத் தொடுவதற்குச் சற்று முன் அது நிற்கிறது. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் பலகை மறைத்தது. தம் படங்களை வெட்டுவதை விரும்பாத அவர் அந்த ஒன்றை வெட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கணத்தை அடைய வேண்டுமானால் விரல் முன்கூட்டியே அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். கண் பார்த்து, மனம் முடிவு செய்து, விரல் இயங்கும் நேரத்தில் கால் அடுத்த நிலைக்குப் போய்விடும்.

கேட்காமல் எடுக்கிறோம் என்பது இந்தக் கலையின் நடுவில் எப்போதும் இருக்கும் பாரம். சட்டம் அதை இறக்கி வைப்பதில்லை. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், சாரத்தில் பொருத்திய ஃபிளாஷ் ஒளியில் புகைப்படக் கலைஞர் ஃபிலிப் லோர்கா டிகோர்சியா வழிப்போக்கர்களுக்குத் தெரியாமல் எடுத்த முகங்களில் ஒன்றின் சொந்தக்காரர் வழக்குத் தொடுத்தபோது, 2006-ல் நீதிமன்றம் அதைக் கலைப்படைப்பாகக் கருதி வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1998-ல், மான்ட்ரியலில் ஒரு கட்டடப் படிக்கட்டில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியின்றி இதழில் வெளியிட்டது தவறு என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவருக்கு இழப்பீடு கிடைக்கச் செய்தது. ஒரே செயல் ஓரிடத்தில் கலை, இன்னோரிடத்தில் உரிமை மீறல். எங்கே எடுக்கிறோமோ அங்கே உள்ள சட்டத்தை அறிந்திருப்பது கட்டாயம். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒரு படம் எடுக்கத் தக்கதாகிவிடாது.

எனக்கு நானே வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இந்தப் படத்தை இதில் இருப்பவரிடமே, எதிரே நின்று, கூச்சமின்றிக் காட்ட முடியுமா? அழுகிறவரையும், தெருவில் உறங்குகிறவரையும், போதையில் நிலைதவறியவரையும் நான் எடுப்பதில்லை. அவர்களுக்கு அந்த நேரத்தில் தெரு மட்டுமே வீடாகவோ மறைவாகவோ இருக்கிறது. விலகிப் போகும் வலிமை அவர்களிடம் இல்லை. வீறாப்பாக நடந்து வருபவரும் என் கேமராவும் சமமான நிலையில் சந்திக்கிறோம். அவர் முறைக்கலாம், கேட்கலாம், மறுக்கலாம். அந்தச் சமநிலை இல்லாத இடத்தில் வெளிப்படையாக நிற்பதும் போதாது. குழந்தைகள் அடையாளம் தெரியும்படி அமைந்த படங்களை, பெற்றோரிடம் பேசாமல் நான் எங்கும் வெளியிடுவதில்லை. உடை நழுவிய கணம், வாய் கோணிய கணம் என்று ஒருவரைச் சிறுமைப்படுத்துவதால் மட்டுமே சிரிப்பு வரவழைக்கும் படங்கள் எவ்வளவு திறமையாக எடுக்கப்பட்டிருந்தாலும் எனக்கு உவப்பில்லை.

யாராவது வந்து கேட்டால் என்ன செய்வது என்பது பலரை அச்சுறுத்தும் கேள்வி. உண்மையைச் சொல்வது எளிது: இந்த ஒளியில் நீங்கள் நடந்து வந்தது அழகாக இருந்தது, அதனால் எடுத்தேன். படத்தைத் திரையில் காட்டுகிறேன். அழிக்கச் சொன்னால் அவர் கண்ணெதிரே அழிக்கிறேன், சட்டம் என் பக்கம் இருந்தாலும்கூட. படத்தைக் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். மறைந்து எடுப்பவருக்கு இந்த உரையாடல் பிடிபட்ட நேரம். திறந்த இடத்தில் நிற்பவருக்கு அது தெருவில் நடக்கும் பல பேச்சுகளில் ஒன்று.

எடுத்த படங்களை அன்றே தேர்ந்தெடுக்க நான் உட்காருவதில்லை. எடுத்த நாளின் மகிழ்ச்சி படத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்; எவ்வளவு கடினப்பட்டுக் கிடைத்தது என்ற நினைவு, அது நல்ல படம் என்று நம்மை நம்பவைக்கும். வினோகிராண்ட் இதற்காகவே ஃபிலிம் ரோல்களை நீண்ட காலம் கழுவாமல் வைத்திருந்து, எடுத்த நேரத்து உணர்வு வடிந்த பிறகு பார்ப்பதை விரும்பினார். 1984-ல் அவர் இறந்தபோது எடுத்தும் கழுவாமல் கிடந்த ரோல்கள் சுமார் 2,500 என்பது அந்தப் பழக்கத்தின் எல்லை மீறிய வடிவம். சில வாரங்கள் போதும். தேதியும் இடமும் மட்டும் அன்றன்றே குறித்துவைக்கிறேன். பேருந்தின் வடிவமும் விளம்பரப் பலகையும் நடைபாதையின் அகலமும் மாறிய பின், இன்று எனக்குச் சாதாரணமாகத் தெரியும் படத்துக்கு அந்தக் குறிப்புதான் பொருள் தரும்.

தேர்ந்தெடுக்கும்போது, யாராவது நேராக லென்ஸைப் பார்த்துவிட்ட படங்களைக் கேண்டிட் அல்ல என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்குவதில்லை. இருபது பேர் தத்தம் வழியில் போய்க்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்க்கும் அந்த முதல் கணம், எந்த ஏற்பாடும் இல்லாதது. நான் அங்கே நின்றதும் அந்தத் தெருவில் நடந்த உண்மைகளில் ஒன்று என்பதை அந்தப் பார்வை படத்துக்குள்ளேயே பதிந்துவைக்கிறது. அதற்கு அடுத்த கணம் வேறு. புருவம் கேள்வியாக உயரும், அல்லது சிரிப்பு விரியும், அல்லது முகம் மூடிக்கொள்ளும்; அது என்னை நோக்கிய பேச்சு. இரண்டாவது படத்தை எடுக்காமல் கேமராவை இறக்கி, அவர் கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். சில நேரம் அந்தப் பேச்சு நீண்டு, பின்னால் நல்ல ஒளியில் நல்லதொரு காட்சி என்னைக் கடந்து போய்விடுகிறது. போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.